வீட்டுக்குக் கொடுத்த கடல்

மாவு உருண்டை ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது.

பின்கட்டில் இருந்த நீலப் பிளாஸ்டிக் வாளிக்குள் கையை விட்டு அதை வெளியே எடுத்த சுந்தர்ராஜ் முதலில் தன் கண்ணைச் சந்தேகப்பட்டான், பிறகு மனைவியைச் சந்தேகப்பட்டான், அதற்கும் பிறகு பக்கத்து வீட்டு ஆட்டைச் சந்தேகப்பட்டான்; தன்னைச் சந்தேகப்படுவது என்பது அவனுக்கு எப்போதும் வரிசையின் கடைசியில்தான் வரும். ஆடாமல் அசையாமல் கிடக்கும் தண்ணீரில் அந்த உருண்டை எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் கரைய வேண்டும். இதன் ஒரு கன்னம் வார்த்தெடுத்த நாளில் இருந்த வழவழப்போடு அப்படியே இருந்தது. மறு கன்னம் குழிந்து, வரிவரியாக அரித்து, யாரோ ஓயாமல் அறைந்துகொண்டே இருந்ததுபோல் பள்ளமாகிப் போயிருந்தது.

"சுகிர்தம், இந்த வாளியில கை வச்சியா?"

"கை வைக்கிறதா? அதைக் கண்ணாலகூட பாக்கிறதில்ல நான். பிள்ளைத் துணி அலச ஒரு வாளி இல்லாமக் கெடந்து தவிக்கேன். இவுக அங்கன கொழுக்கட்டைய ஊறப் போட்டுட்டு ஆராய்ச்சிங்கிறாக."

கொழுக்கட்டை என்று அவள் சொன்னதில் தப்பில்லை. எலும்பு முறிந்தால் மாக்கட்டுப் போடுவார்களே, அதே மாவுதான். கரண்டியில் வார்த்து, காயவைத்து, எடை போட்டு, தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைப் பாறைகளில் கட்டிவிட்டு வருவான். கடல் அதை நக்கி நக்கிக் கரைக்கும். எந்தப் பாறையில் அதிகம் கரைகிறதோ அங்கே அலை அதிகம். அலை அதிகமுள்ள இடத்தில் எந்த நத்தை ஒட்டும், எந்தச் சிப்பி தாங்கும், எந்தப் பாசி கிழிந்து போகும் என்று கணக்குப் போட்டு முடித்தால் டாக்டர் பட்டம். கடலே இல்லாத சின்னமனூரில் குடியிருந்துகொண்டு, கல்லூரியில் தவளை அறுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, கடல் ஆராய்ச்சி செய்யும் ஒரே மனிதன் தான்தான் என்பதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் நிறைய வெட்கமும் இருந்தன. கடல் தண்ணீரைக் கேனில் அடைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்தபோது கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். பஸ்ஸே சிரித்தது.

அந்தத் தண்ணீர்தான் வாளியில் இருந்தது. அலையே இல்லாத இடத்தில் உருண்டை தானாக எவ்வளவு கரைகிறது என்று தெரிந்தால்தானே, அலை எவ்வளவு கரைத்தது என்று சொல்ல முடியும்? அதற்கு அவன் வீடு. உலகத்தில் அலை அடிக்கவே வாய்ப்பில்லாத இடமாக அவன் தேர்ந்தெடுத்தது தன் வீட்டுப் பின்கட்டை.

அங்கேதான் ஒரு சின்னத் தப்பு செய்திருந்தான்.

உருண்டை ஒரு பக்கம் என்றால் மறுபக்கம் வரைபடக் கணக்கு. ஒவ்வொரு பாறையிலிருந்தும் எல்லாத் திசைகளிலும் கோடு இழுக்க வேண்டும். கோடு கரையில் முட்டும்வரை எவ்வளவு திறந்த கடல் இருக்கிறதோ அவ்வளவு தூரம் காற்று அலையை வளர்த்துக் கொண்டுவரும். அந்த நீளத்துக்கு லாகரிதம் எடுத்துச் சூத்திரத்தில் போட வேண்டும். எல்லாப் பாறைக்கும் சரியாக வந்தது. வீட்டுக்கு வரவில்லை. வீட்டைச் சுற்றிக் கடல் இல்லை, ஆகவே கோட்டின் நீளம் சைபர். சைபருக்கு லாகரிதம் கிடையாது. இயற்பியல் துறையிலிருந்து இரவல் வாங்கிவந்த கால்குலேட்டர் பிழை, பிழை என்று கண்ணைச் சிமிட்டியது. 'ஒரு சின்ன எண்ணைப் போட்டுக்கொள், எல்லாரும் செய்கிறதுதான்' என்று வழிகாட்டிப் பேராசிரியர் எப்போதோ சொன்னது நினைவுக்கு வர, சுந்தர்ராஜ் சைபருக்குப் பதிலாக மயிரிழை அளவுக்கு ஒரு நீளத்தைப் போட்டான். திசை வேண்டுமே? தென்மேற்கு என்று போட்டான். ஆடிக்காற்று அங்கிருந்துதானே வருகிறது. பொய் சொன்னாலும் அதில் ஒரு நியாயம் வேண்டாமா? வீட்டுக்கு ஒரு துளி கடலைக் கொடுத்துவிட்டு, கால்குலேட்டரை அணைத்துவிட்டு, அன்றைக்கு இரண்டாம் தடவையும் ரசம் ஊற்றிச் சாப்பிட்டான்.

இப்போது உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு திசை பார்த்தான். அரித்த பக்கம் தென்மேற்கு.

உருண்டையைத் திருப்பிப் போட்டான். வாளியை மாற்றி வைத்தான். மேலே பலகை போட்டு, பலகைமேல் அம்மிக்குழவியை ஏற்றினான். மறுநாள் எடுத்துப் பார்த்தபோது வழவழப்பாக இருந்த கன்னமும் போயிருந்தது.

அதற்குப் பிறகு வாசனை வந்தது. ஆடி மாதத்துச் சாயங்காலக் காற்று அந்த வீட்டுக்குள் கொண்டுவரும் வாசனைகளெல்லாம் அவனுக்கு மனப்பாடம்: மார்க்கையன்கோட்டை வரை விரிந்து கிடக்கும் வயல்களின் சேறு, தெருமுனை வெல்லக் கொட்டகையின் கருகிய பாகு, தேனியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் மாமனார் ஞானதுரை பேத்தியைப் பார்க்க வரும்போதெல்லாம் விட்டுப்போகிற சாக்குகளின் மணம். இவை எல்லாவற்றுக்கும் அடியில், தரையோடு தரையாக, வெயிலில் காய்ந்து அழுகும் பாசியின் நாற்றம் ஒன்று தவழ்ந்து வந்தது. தென்மேற்கு அறையின் சுவருக்கு அந்தப்பக்கம், நெல் நாற்று மட்டுமே இருக்கும் இடத்தில், எதுவோ ஒரு பெருமூச்சாக ஏறிவந்து, கொஞ்சம் தயங்கி, பிறகு கூழாங்கற்களை வாரி இழுத்துக்கொண்டு திரும்பிப் போனது.

"தென்னை மட்டை உரசுது," என்றாள் சுகிர்தம்.

அந்தப் பக்கம் தென்னையே கிடையாது. இருவருக்கும் அது தெரியும்.

அந்த அறையில்தான் பாப்பாவின் சேலைத் தொட்டில் உத்தரத்திலிருந்து தொங்கியது. முகம் பார்த்துச் சிரிக்க இப்போதுதான் பழகியிருந்தாள். சுந்தர்ராஜைப் பார்த்தால் மட்டும் சத்தம் போட்டுச் சிரிப்பாள். தன்னை முதல் தடவையிலேயே சரியாகப் புரிந்துகொண்ட ஒரே ஆள் என்று அவன் அவளைப் பற்றிச் சொல்லிக்கொள்வான்.

நத்தைகளை முதலில் பார்த்தது, அந்த வாடகை வீட்டின் சொந்தக்காரருடைய தங்கை அம்சத் பீவி. அடுத்த வீடு அவர்களுடையது, கிணறு பொது.

"என்ன வாத்தியாரே, நத்தை வளக்கிறீகளா? செவுரு பூராம் ஏறிக் கெடக்கு."

"மழைக்கு ஏறியிருக்கும் பீவிம்மா."

"மழை எங்கன பெஞ்சுச்சு? சாரல்தானே அடிக்கி. எங்க அண்ணன் சுண்ணாம்பு அடிச்சுத் தாரேன்னு சொன்னாக. அடிச்சா ஓடிரும். இல்லாட்டி நீங்களே பிடிச்சுப் பாடம் நடத்துங்க, தவளைக்காச்சும் ஒரு நாள் லீவு கெடைக்கும்."

சிரித்துக்கொண்டே பீவி போய்விட்டார். சுந்தர்ராஜ் குனிந்து பார்த்தான். மிளகு அளவுதான் ஒவ்வொன்றும். சாம்பல் நிறம், முதுகில் வெள்ளை வரி. பாறையின் உச்சியில், அலைத் துளி மட்டும் தெறிக்கிற இடத்தில் வாழ்பவை. இந்த வகையைப் பார்த்தால், அலை இதற்குச் சற்றுக் கீழேவரை வருகிறது என்று எழுதிக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் அவன் படித்திருந்தான். பாறையில் ஒட்டியிருப்பதைப் பார்த்தே கடலை அளக்க அவனுக்குத் தெரியும்.

நத்தைகள் அவன் முழங்கால் உயரத்தில் இருந்தன.

அடுத்த நாள் ஜன்னல் விளிம்பில் இருந்தன. அவை விட்டுப்போன இடத்தில், சுண்ணாம்புச் சுவரோடு சுவராக, கொட்டலசு பிடித்திருந்தது. படகின் அடியில் ஒட்டிக் கிடந்து மீனவர்களின் காலைக் கிழிக்குமே, அந்த வெள்ளைக் கூம்பு ஓடுகள். விரலால் தொட்டான். ரத்தம் வந்தது. கத்தியால் சுரண்டினான். சுரண்டச் சுரண்டச் சுவர் உதிர்ந்தது, அவை உதிரவில்லை.

அன்றைக்குப் பாப்பா கக்கினாள்.

"பால் ஒத்துக்கிடல," என்றாள் சுகிர்தம், தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டே.

"பால்னா வெள்ளையா இருக்கும் சுகிர்தம்."

"அப்ப எச்சி. இதுக்கும் ஆராய்ச்சியா?"

அவள் தோளில் வழிந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். உப்பு. கண்ணீரின் உப்பு இல்லை. அதைவிடக் கனமான, தொண்டையைக் குமட்டும், நீந்தத் தெரியாதவன் குடித்துவிட்டு வாழ்நாள் முழுக்க மறக்காத உப்பு. கடைத்தெரு டாக்டர் பாப்பாவின் மார்பில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, "நெஞ்சுல தண்ணி மாதிரி சத்தம் கேக்குது, சளிதான்," என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மருந்து கொடுக்க வாயைத் திறந்தபோது, பாப்பாவின் நாக்கில் மணல் இருந்தது. மெல்லிய, கறுப்பு மணல்.

சுகிர்தம் அதைப் பார்த்தாள். முந்தானையால் துடைத்தாள்.

சுந்தர்ராஜ் ஓடிப்போய்க் கால்குலேட்டரை எடுத்தான். வீட்டுக்குக் கொடுத்த நீளத்தை அழித்தான். சைபர் போட்டான். பிழை. மறுபடி சைபர். பிழை. வரைபடத்திலிருந்து வீட்டின் புள்ளியை ரப்பரால் தேய்த்தான், தாள் கிழியும்வரை தேய்த்தான். சுவருக்கு அந்தப்பக்கம் பெருமூச்சு ஏறி வந்தது, தயங்கியது, கற்களை வாரிக்கொண்டு திரும்பியது. கொடுப்பதற்கு வழி இருந்தது. திரும்ப வாங்குவதற்குச் சூத்திரம் இல்லை. சிரிக்கிறமாதிரி ஏதாவது ஒன்றைச் சொல்லிக்கொள்ளப் பார்த்தான். எதுவும் வரவில்லை.

மதியம் தொட்டில் அறைக்குப் போனான். கொட்டலசு உள்சுவரிலும் ஏறி, ஜன்னல் விளிம்பைத் தாண்டி, தொட்டிலின் அடிவிளிம்பு உயரத்துக்கு வந்திருந்தது. அதுவல்ல அவனை அங்கேயே நிறுத்தியது. ஓடுகள் திறந்திருந்தன. எல்லா ஓடுகளும். ஒவ்வொன்றின் வாயிலிருந்தும் இறகுபோன்ற சின்னக் கால்கள் வெளியே நீண்டு, விரிந்து, மடங்கி, விரிந்து, காற்றை அரித்து அரித்து உள்ளே இழுத்துக்கொண்டிருந்தன. சுவர் முழுக்க. ஒரே தாளத்தில்.

கொட்டலசு தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும்போது மட்டுமே வாயைத் திறக்கும். வெளியே இருந்தால் இறுக மூடிக்கொள்ளும்.

அவற்றுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. அறை நிரம்பியிருக்கிறது. தொட்டிலின் அடி வரைக்கும்.

பாப்பா இருமினாள்.

"கிளம்பு," என்றான். "மலைக்குப் போ. அக்கா வீட்டுக்கு."

சுகிர்தத்தின் அக்காவின் கணவர் வைகுண்டராஜ் மேகமலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். சின்னமனூரிலிருந்து எஸ்டேட் ஜீப் அரிசியும் ஆட்களும் ஏற்றிக்கொண்டு மத்தியானத்துக்குமேல் மேலே போகும். அவ்வளவு உயரத்துக்கு எந்தத் தண்ணீர் ஏறும்? அந்த ஒரே நினைப்பைப் பிடித்துக்கொண்டு துணிகளைப் பையில் திணித்தான்.

"இந்தக் குளிர்லயா? நெஞ்சுச் சளியோட கைப்பிள்ளையத் தூக்கிட்டுப் போனா அக்கா என்னைய உரிச்சிரும்."

"உரிக்கட்டும்."

"நீங்க?"

"வாரேன். நீ போ."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். எப்போதும் ஏதாவது ஒரு குத்தல் வைத்திருப்பவள், அப்போது ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டினாள். அதுதான் அவனை அழவைத்தது.

ஜீப் டிரைவர் கோட்டைச்சாமி பீடியைக் காதில் செருகிக்கொண்டு தலையை ஆட்டினான். "தாயும் பிள்ளையும் முன்னால ஒக்காரட்டும். ஒங்களுக்கு எடமில்ல வாத்தியாரே. பின்னால கொழுந்தெடுக்கிற ஆத்தாமாரு மடி மேல மடியா ஒக்காந்திருக்காக. அரிசி மூட்டைக்கடியில வேணா படுங்க, மேல போய் எறக்கறப்ப அவலா எறக்கித் தாரேன்."

பின்னால் இருந்த பெண்கள் சிரித்தார்கள். சுந்தர்ராஜும் சிரித்தான் என்று நினைக்கிறான். பாப்பாவின் நெற்றியில் முத்தம் வைத்தான். உப்புக் கரித்தது. "காலையில முதல் வண்டிக்கு வந்துருவேன்," என்றான். அவள், "சாப்பிட்டுட்டு வாங்க," என்றாள். ஜீப் தெற்கே திரும்பி, புழுதிக்குள் போய் மறைந்தது.

வீட்டுக்குத் திரும்பிக் கதவைத் திறந்தபோதே தெரிந்தது. காற்று நின்றிருந்தது. ஆடி மாதத்தில், கம்பம் பள்ளத்தாக்கில், ஓர் இலைகூட அசையவில்லை.

தொட்டில் அறைக்குப் போனான். கொட்டலசு எல்லாம் வாயை மூடியிருந்தது. இறுக்கமாக. சுவர் காய்ந்து வெளுத்திருந்தது. நத்தைகள் கீழே இறங்கி, தரையோரமாக ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக் கிடந்தன. பெருமூச்சு இல்லை, கல் உருளும் ஓசை இல்லை. வாளித் தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தது. தண்ணீர் போய்விட்டது. எல்லாம் வடிந்துவிட்டது. சுந்தர்ராஜ் தரையில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு சிரித்தான், அழுதான், மறுபடி சிரித்தான். கடலை ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டோமோ என்று ஒரு கிறுக்கு எண்ணம் வந்தது. தனக்கு ஜோக் திரும்ப வந்துவிட்டதே என்று அதற்கும் ஒரு தடவை சிரித்தான். எழுந்து போய் அடுப்பில் காப்பிக்குத் தண்ணீர் வைத்தான். இன்று ஒருநாள் தனியாகத் தூங்கிவிட்டு, காலையில் போய்ப் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொள்ளலாம்.

பின்பக்கமிருந்து அம்சத் பீவியின் குரல் வந்தது.

"வாத்தியாரே! செத்த இங்கன வாங்க! கெணத்தைப் பாருங்க!"

கிணற்றடியில் பீவி காலியான வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கயிறு முழுசும் உள்ளே போய்த் திரும்பியிருந்தது.

"கயிறு எட்டல. மத்தியானம் குனிஞ்சா கை படுற தூரத்துல கெடந்த தண்ணி. இப்ப அடியில சேறு தெரியுது. இப்பத்தான் கொல்லைக்குப் போன எங்க அண்ணன் வந்து சொன்னாக, வாய்க்காலும் காஞ்சு போச்சாம், மீனு தரையில கெடந்து துள்ளுதாம். எங்க வாத்தியாரே போச்சு அம்புட்டுத் தண்ணியும்?"

சுந்தர்ராஜ் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தான். அடியிலிருந்து குளிர்ந்த நாற்றம் ஒன்று மேலே வந்தது. ஒருபோதும் வெயில் படாத தரையின் நாற்றம்.

வடியவில்லை. பின்வாங்கியிருக்கிறது.

பெரிய அலை வருவதற்கு முன்னால் கடல் தன் தண்ணீரையெல்லாம் உள்ளே இழுத்துக்கொள்ளும். கடற்கரையில் வெறும் தரை தெரிந்தால் வேடிக்கை பார்க்காதே, ஓடு. வருஷம் தவறாமல் வகுப்பில் அவன் சொல்வது.

எங்கே வரும்?

அதையும் அவன்தான் வகுப்பில் சொல்வான். கரும்பலகையில் கோடு கோடாக வரைந்து சொல்வான். வளைகுடாவுக்குள் நுழைகிற அலை விரிந்து, சோர்ந்து, கரைக்கு வரும்போது ஒன்றுமில்லாமல் போகும். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற முனைதான் அடி வாங்கும். அலைகளெல்லாம் அதை நோக்கி வளைந்து, குவிந்து, மொத்தமாக அங்கே போய் விழும். இந்தப் பள்ளத்தாக்கு வளைகுடா. அவன் வீடு அதன் உள்மடியில் இருக்கிறது.

முனை எது?

மலைக்கு அனுப்பும்போது உயரத்தை மட்டும் பார்த்தான். முனையைப் பார்க்கவில்லை.

"பீவிம்மா, சைக்கிள்!"

பீவி என்ன கேட்டார் என்று தெரியாது. சைக்கிளை இழுத்தான். ஏறினான். தெற்கே மிதித்தான். மேகமலைச் சாலை. கல்லும் குழியும். செருப்பு போனது. சூரியன் மேற்கு மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. எதிரே மேகமலை கறுப்பாக, அகலமாக, பள்ளத்தாக்குக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. ஒரு பறவையும் இல்லை. அவன் மூச்சு மட்டும். சங்கிலியின் கிரீச்சு மட்டும்.

மலையடியில் சைக்கிள் சறுக்கி விழுந்தான். எழுந்தான். முழங்கால் உடைந்திருக்க வேண்டும், வலி வரவில்லை.

மேலே, பாதி மலையில், ஒரு வளைவில் ஜீப்பின் விளக்கு தெரிந்தது. மெதுவாக நகர்ந்தது. ஒரு மின்மினி அளவு.

"கோட்டைச்சாமீ!"

கத்தினான். தொண்டை கிழியக் கத்தினான்.

"எறங்கு! கீழ எறங்கு! சுகிர்தம்!"

விளக்கு நகர்ந்தது. மேலே.

மலையின் முதுகுக்கு அந்தப்பக்கம், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, வெள்ளையாக ஒரு கோடு. மேகம்தான். ஆடியில் தினமும் மேகம் மலைமுதுகில் வழியும். எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். மேகம்தான். மேகம் வழியும், கீழே இறங்கும்.

இது இறங்கவில்லை.

எழுந்தது.

கோடு தடித்தது. அதன் கீழே கறும்பச்சையாக ஒரு சுவர். மேற்கில் மிச்சமிருந்த வெளிச்சம் அதற்குள் புகுந்து வந்தது. வானம் அதற்குள்ளே ஆடியது. சத்தம் இல்லை. எந்தச் சத்தமும் இல்லை.

ஜீப் நின்றது. யாரோ பார்த்திருக்க வேண்டும். விளக்கு தடுமாறியது, பின்னால் வந்தது, முன்னால் போனது. வண்டியைத் திருப்பப் பார்க்கிறான் கோட்டைச்சாமி. அந்தக் குறுகின வளைவில், இடமில்லாமல், வண்டியின் முகத்தை மலையைப் பார்க்கத் திருப்பினான்.

இரண்டு விளக்குகளும் நேராக அதன்மேல் விழுந்தன. ஈரமான, வழவழப்பான, உள்ளுக்குள் எதுவோ மெல்லப் புரளும் பச்சை. வெளிச்சம் அதன்மேல் ஏறியது. ஏறியது. இன்னும் ஏறியது.

உச்சி எங்கேயும் இல்லை.